இரண்டு ஊருக்கும் ஒரே பதில்

பிப்ரவரி 4

என் செல்லத் தங்கச்சி சிட்டுவுக்கு,

சுகமா இருக்கிறாயா? ஊர் மாறிப் போனதும் அக்காவை மறந்துவிட்டாய். போனில் பேசலாமென்றால் உன் விடுதிக்காரி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால் உன் தெருத் தையல்கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

எங்கள் மையத்தை எடைபோட ஆய்வுக்காரர்கள் வருகிறார்கள். தொழில் செய்யும் பெண்களுக்கு நாங்கள் ஆணுறை கொடுத்ததும், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனதும் எச்.ஐ.வி.யைத் தடுத்ததா என்று பார்க்கவாம். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள்தான், ஆனாலும் மையத்து வழிகாட்டி என்பதால் இங்கே என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எல்லாரையும் தயார் பண்ணிவிட்டேன். "எப்பவும் ஆணுறைதான், தவறாம டெஸ்ட் எடுக்கிறோம்." இவ்வளவுதான் பதில்.

உங்கள் ஊருக்கும் வருவார்களாம். மையமே இல்லாத ஊரில் என்ன வேலையோ! வந்தால் நீயும் இதையே சொல். கூட இருப்பவர்களுக்கும் சொல்லிக்கொடு. நான் இந்த மையத்தில் பழக்கிவிட்டவளை விவரம் கெட்டவள் என்று எவரும் எழுதிக்கொண்டு போகக்கூடாது.

உன் அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

வந்தார்கள். கேள்வி கேட்ட பெண் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தாள். "ஆணுறை எங்க வாங்குவீங்க?" என்றாள். "எங்க கேட்டாலும் கிடைக்குதுங்க" என்றேன். மருந்துக்கடைக்காரன் எங்களைப் பார்த்தாலே இளிக்கிறான், நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை என்று சொல்ல வாய் துடித்தது. நீ சொன்னதையே சொன்னேன்.

பிறகு ஒவ்வொருத்தியாகத் தனியே அறைக்குள் கூப்பிட்டாள். பக்கத்து அறைக்காரி உள்ளே போய்த் தடுமாறினாள். சொல்லிக்கொடுத்ததையே சொல் என்று கதவுக்கு வெளியே நின்று இருமிக் காட்டினேன். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "உனக்கென்னடி அப்படி ஒரு இருமல்? நமக்கும் ஒரு டாக்டர் வேணும்னு கேக்கத்தானே வாயெடுத்தேன்!"

அதிலிருந்து மனசு ஒரு இடத்தில் உட்காரவில்லை அக்கா. எனக்கு வாய்ப்புண் ஆறவேயில்லை. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதுகிறவர் வரிசைக்கே கேட்கும்படி, "தொழில் என்னம்மா, தொழில்?" என்று கத்தினார். திரும்பி வந்துவிட்டேன்.

சிட்டு

ஜூன் 10

சிட்டு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாதது தப்பு. பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

முடிவைச் சொல்லக் கூட்டம் போட்டார்கள். பெரிய அதிகாரி சொன்னார்: "மையம் இருக்கிற ஊர்லயும் அதே பதில், இல்லாத ஊர்லயும் அதே பதில். அப்புறம் மையம் எதுக்கு?" மாதக் கடைசியில் பூட்டுகிறார்களாம். உங்களை எங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அங்கே வந்திருக்கிறார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே சொன்னது முக்கால்வாசி உண்மையடி. அங்கே சொன்னது முழுப்பொய்.

நீ ஒரு காரியம் செய். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டோம் என்று சொல். என் பெயர் வேண்டாம். இந்த மையத்தில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

அக்கா

ஜூன் 16

அக்கா,

சொல்லச் சொன்னதும் நீ. இப்போது பொய்யென்று ஒத்துக்கொள்ளச் சொல்வதும் நீ. அசடு மட்டும் நான் வழிய வேண்டுமா?

பக்கத்து அறைக்காரியை நேற்று அவள் அண்ணன் வந்து தூக்கிக்கொண்டு போனான். நடக்க முடியவில்லை. போகும்போது என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

நீ போய்ச் சொல். அதன்பிறகு எனக்கு எழுது. இல்லையென்றால் எழுதாதே.

சிட்டு

ஜூன் 23

என் சிட்டுவுக்கு,

சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "முதல்லேர்ந்து கேக்கணுமேம்மா! பூட்டாதீங்கன்னு எழுதிப் பார்க்கிறேன். கேப்பாங்களான்னு தெரியல" என்றாள். உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டாள். மருந்துக்கடைக்காரன் இளிப்பு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.

இங்கே ஒருத்தியும் என்னோடு பேசுவதில்லை. "எங்களை ஊரறியப் பொய்க்காரி ஆக்கிட்டியே கிழவி" என்று மூஞ்சிக்கு நேராகவே கேட்டுவிட்டார்கள். வழிகாட்டி வேலையும் போயிற்று. போகட்டும், எனக்கு இப்போது கவலை அதுவல்ல.

பேத்தியை மகளிடம் விட்டுவிட்டு வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். பயப்படாதே. நோய் இருந்தாலும் மாத்திரை இருக்கிறது, அதைத் தின்று பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டு திரிகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சீட்டு எழுதுகிற ஆள் தொழில் என்னவென்று கத்தினால், நீ வாயைத் திறக்க வேண்டாம். அவரைவிடச் சத்தமாக நான் சொல்கிறேன்.

வராதே என்று எழுதி வைக்காதே. உன் பதில் இங்கே வந்து சேர்வதற்குள் நான் பஸ் ஏறியிருப்பேன்.

அக்கா