கல்லுக்காக இரண்டு பெயர்கள்

மகளுக்கு,

உன் அம்மாவின் கல்லறைக் கல்லில் கம்ப்யூட்டர் எழுத்து வேண்டாம் என்றேன். "அப்போ நீங்களே எழுதிக் குடுங்க, அப்படியே செதுக்கிடறேன்" என்றார் கல்தச்சர். என் கையெழுத்து உனக்குத் தெரியும், கோழி கிளறியதுபோல இருக்கும். அதனால் இந்த வயதில் தூரிகை பிடித்துப் பழகுகிறேன். உன் பள்ளித் தோழி நருமிதான் சொல்லித் தருகிறாள்.

நேற்று ஒரு கோடு நடுங்கிவிட்டது. அதன்மேலேயே மறுபடி இழுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, போட்ட கோட்டு மேல திரும்பப் போடக் கூடாது."

"கண்ண உறுத்துதேம்மா."

"உறுத்தட்டும். வேற தாள் எடுங்க."

அம்மாவின் பெயர் ஒருவழியாக வந்துவிட்டது. பக்கத்தில் என் பெயரையும் இப்போதே செதுக்கச் சொல்லியிருக்கிறேன். என்ன அவசரம் என்று தச்சர் கேட்கவில்லை. என் கையை மட்டும் பார்த்தார்.

இந்த ஊர்க் கல்லறை வழக்கப்படி, உயிரோடு இருப்பவன் பெயர் என்பதால் என்னுடையதற்கு மட்டும் சிவப்புப் பூசுவார்கள். நான் போனபின் அந்தச் சிவப்பைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

அம்மாவின் காரியத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டேன். ஒசாகாவில் உனக்கு வேலை அதிகம். முடிந்தால், அந்தச் சிவப்பு இருக்கும்போதே ஒருமுறை வந்து பார்.

அப்பா