திட்டுப் பள்ளிக்கூடத்தை மூடின பிறகு

கோபிசெட்டிபாளையம்,
18.6.1996

அன்பும் மரியாதையும் உள்ள உங்களுக்கு,

ரங்கம்மாள் எழுதுவது. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லைங்க. அங்கே ஆற்றுக் காற்றில் உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. வாழைக்குத் தண்ணி பாய்ச்சியாச்சு. செவலை மாடு கிடாரிக் கன்னு போட்டிருக்கிறது. சீம்பால் காய்ச்சி உங்கள் பங்கை எடுத்து வைத்திருந்தேன். கெட்டுப்போய்க் கொட்டிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தை மூடி, சாவியை ஒப்படைத்து, ரிட்டையரும் ஆன பிறகு, "இனியாவுக்கு ஒரு வழி பண்ணாமல் வர மனசில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அப்பா பாலம் தாண்டி டவுன் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன், ஒன்பதாவதே போதும், தறிக்குப் போகட்டும் என்கிறாராம். நீங்கள் கோயில் மண்டபத்தில் அவளுக்குப் பத்தாவது பாடம் நடத்துகிறீர்களாம். இரண்டு பக்கமும் அவளைப் பற்றியே. எனக்கு "நலமா" என்று ஒரு வார்த்தை.

நமக்குக் கல்யாணமான வருஷம்தான் அந்த ஆற்றுத் திட்டில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது, ஒரு மாட்டுக் கொட்டகையில். அதை உயர்நிலைப்பள்ளி ஆக்க வேண்டுமென்று கோயமுத்தூர் ஆபீசுக்கு நடையாய் நடந்தீர்கள். உத்தரவு வந்த அன்று திட்டு முழுக்க மிட்டாய் கொடுத்தீர்களாம். நம் வீட்டுக்கு வரும்போது பொட்டணம் காலி. ஆற்றில் தண்ணீர் ஏறினால் பரிசல் போகாது, நீங்களும் வரமாட்டீர்கள். பிறகு பாலம் வந்தது. அந்தப் பாலத்தின் வழியாகத்தான் இங்கிலீஷ் மீடியம் வேன் உள்ளே வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. வருஷா வருஷம் பெஞ்சுகள் காலியாவதைச் சொல்லி நீங்கள் வருத்தப்படுவீர்கள். எனக்கு, மறைப்பானேன், உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

ஏப்ரலில் மூடுகிற விழாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. நானே பஸ் ஏறி வந்து பின்னால் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் படித்து இப்போது ஈரோட்டில் நர்சாக இருக்கிற சாஜிதா பேகம் பேசினாள். "எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப சார் தினமும் ஊட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போவாருங்க. எங்கப்பாவுக்கும் மேல அவரு" என்றாள். நீங்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள்.

நம் வம்சி காய்ச்சலில் கிடந்தபோது ஆற்றில் வெள்ளம். நீங்கள் வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டான். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லைங்க. ஆனால் அன்றைக்கு நீங்கள் அழவில்லை. காரியம் முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டீர்கள். உங்களுக்கு அழ வராது என்றுதான் இத்தனை காலம் மனசைத் தேற்றி வைத்திருந்தேன். அந்த சாஜிதாவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. தங்கமான பெண். அப்படியும் எரிந்தது. உங்களிடம் வராமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இப்போது இந்த இனியா. உங்கள் கடிதத்தைக் கிழித்துப்போடலாமா என்றுகூட இருந்தது. அப்புறம் அந்தப் பிள்ளை தறிக்கூடத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இங்கே பெண்கள் பள்ளி நடக்கிற தூரம்தான். வம்சியின் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். வாத்தியார் சம்சாரம் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வாள் என்று அவள் அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். அதற்கும் இசையவில்லை என்றால் நானே வந்து பேசுகிறேன்.

சாமி உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றே ஒன்றுங்க. இங்கே வந்த பிறகு, அவள் சாப்பிட்டாளா என்று கேட்பதற்கு முன்னால், நான் சாப்பிட்டேனா என்று ஒருதரம் கேளுங்கள். பதில் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
ரங்கம்மாள்