ஆறட்டும், அப்புறம் அளக்கிறேன்

2 மே 2019, வியாழன்

நானூற்று எழுபத்தொன்று. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து மூன்று நாளாகியும் அப்பா இந்த மார்க்கை எங்கள் நாமக்கல் பக்கத்து வேலூர்க் கடைவீதியில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெற்றிலை மண்டியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். கூடவே ஒரு வால்: "டாக்டருக்குப் படிக்க வெக்கலாம்னு இருக்கறனுங்க."

என்னை யாரும் கேட்கவில்லை.

சாயந்திரம் ஜெகதீஸ்வரன் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்து ஓட்டுகிறவர். நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பயாலஜி குரூப்பில் இடம் பேசிவிட்டாராம். நான் மெக்கானிக்கல் குரூப் எடுக்கப் போகிறேன் என்றேன். அரசுப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதே, அது. மாமா சிரித்தார்.

"அது மார்க் கொறஞ்ச பசங்க போற குரூப்பு கண்ணு."

இந்த ஆசையைக் கிளப்பியதே அவர் வண்டிதான். போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் போர் போட வந்தது. லாரி மேல் படுத்திருந்த இரும்புக் கோபுரம், மாஸ்ட் என்பார்கள், மெதுவாக எழுந்து நின்றது. எப்படி மாமா சாயாமல் நிற்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும்" என்றார். அந்தக் கம்பெனிக்காரனாக நான் ஏன் ஆகக் கூடாது?

5 மே, ஞாயிறு

குலதெய்வக் கோவிலில் பூ போட்டுப் பார்த்தார்கள். கல்யாணமோ கிணறோ, எங்கள் குடும்பத்தில் எல்லாம் இப்படித்தான் முடிவாகும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் டாக்டர் படிப்பு, சிவப்பு வந்தால் என் இஷ்டம் என்று அப்பா வேண்டிக்கொண்டார். சிவப்புதான் வரும் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளை வந்தது.

மாமா உடனே விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டார். பஞ்சாயத்து முடிந்ததாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? "சாமி பூவத்தான் எடுத்துக் குடுத்துச்சு. பரீட்சை எழுதப் போறது நானு" என்று சொல்லிவிட்டேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

தப்பாகப் பேசிவிட்டேனோ? பேசியது தப்பில்லை. பேசிய இடம் வேண்டுமானால் தப்பு.

11 மே

அப்பா என்னோடு பேசுவதில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றால்கூட அம்மாவிடம்தான்: "உம்பொண்ணக் கொண்டாரச் சொல்லு." பொண்ணு இவருக்கு இல்லையாம்.

3 ஜூன், திங்கள்

ரேஷன் கடைக்குப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா என்னைப் பஸ் ஏற்றினாள். நேராக அரசு மேல்நிலைப் பள்ளி. தலைமையாசிரியை மார்க் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மார்க் சீட்டைப் பார்த்தார்.

"இவ்வளவு மார்க் வாங்கிட்டு இந்த குரூப்பா? வீட்ல சம்மதமா?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "அவ கேக்கறதக் குடுங்க டீச்சர். ஊட்லயும் சாமிகிட்டயும் நான் பேசிக்கறனுங்க. கையெழுத்து எங்க போடோணும்?"

அம்மாவுக்கு ராசாத்தி என்று சும்மாவா பேர் வைத்தார்கள்!

வகுப்பு முழுக்கப் பையன்கள். பொண்ணு நான் ஒருத்தி.

20 ஜூன்

அரம் பிடித்து இரும்பை ராவினேன். உள்ளங்கை எல்லாம் கொப்புளம். ஆனால் கட்டை தட்டையாக வந்திருக்கிறது. பட்டறை வாத்தியார் ஞானதாஸ் சார் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். பையன்களுக்கு அந்த "ம்" கூடக் கிடைக்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா என் கையைப் பார்த்தார்.

9 நவம்பர் 2021

பிளஸ் டூவைக் கொரோனா விழுங்கிவிட்டது. ஆனாலும் தொழிற்கல்வி எடுத்ததில் ஒரு லாபம்: பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம். கணக்குதான் கழுத்தை நெரிக்கிறது. விடமாட்டேன்.

இன்று ஒரு கல்யாணத்தில் யாரோ அப்பாவைக் கேட்டார்கள், பொண்ணு என்ன படிக்குது என்று. "படிக்குதுங்க" என்றார். அவ்வளவுதான். என்ன படிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. டாக்டருக்கு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்த மனுஷன், எப்படிச் சொல்வார்? புரிகிறது. புரிந்தாலும் வலிக்குது. ஒரே ஒரு நாள், நாலு பேர் முன்னால, அவர் வாயால சொல்லோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

19 ஜூலை 2023

வேலை கிடைத்துவிட்டது. திருச்செங்கோடு ரோட்டில் ரிக் வண்டி தயாரிக்கும் கம்பெனி, குவாலிட்டி பிரிவு. கம்பெனி பக்கத்திலேயே தங்கல், ஞாயிறுக்கு ஞாயிறு வீடு. இனி என் சீல் இல்லாமல் ஒரு சாமான் வெளியே போகாது என்று எழுத ஆசை. இப்போதைக்குச் சீல் தரவில்லை. துடைக்கிற துணியும் எண்ணெய்க் கேனும்தான் தந்திருக்கிறார்கள்.

24 ஜூலை

மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கர்வமாக இருக்கிறது. இருக்கட்டுமே.

12 ஆகஸ்ட் 2025

மாமாவின் புது ரிக் எங்கள் கம்பெனியில்தான் தயாராகிறது. ஜோசியரிடம் டெலிவரி நாளை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வண்டி முடியுமா என்று கேட்டார். இவர் மட்டுமில்லை, எங்கள் பக்கத்தில் ரிக் வாங்குகிற எல்லோரும் இப்படித்தான். நாள் குறித்தாகிவிட்டது, இனி இரும்புதான் அவசரப்பட வேண்டும்.

29 ஆகஸ்ட், வெள்ளி

எழுதி முடித்தால்தான் தூக்கம் வரும்.

காலையில் பூஜை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வண்டி கேட்டைத் தாண்ட வேண்டும். மாமா, அத்தை, அம்மா, எல்லோருக்கும் பின்னால் அப்பா. என் கம்பெனிக்குள் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. யூனிபாரத்தில் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாஸ்ட் எழும்பித் திரும்புவதற்கு அடியில் கதவுக் கீல் மாதிரி ஒரு இடம் உண்டு. புஷ் என்கிற வளையத்துக்குள் 'பின்' என்கிற தடித்த இரும்புத் தண்டு ஓடும். காலைச் சோதனையில் அந்த புஷ்ஷில் கீறல் தெரிந்தது. லேத்தில் பச்சமுத்து அண்ணன் அவசர அவசரமாகப் புதிதாக ஒன்று கடைந்து கொண்டுவந்தார். அளந்தேன். அளவு கச்சிதம்.

ஆனால் கை சுட்டது. கடைந்த சூடு இன்னும் இறங்கவில்லை. சூட்டில் துளை விரிந்து காட்டும், ஆறினால் சுருங்கும். பிளஸ் ஒன்னில் முதல் மாதமே சொல்லித் தந்த சங்கதி. உள்ளே ஓடும் பின் இறுகினால் மாஸ்ட் பாதியில் சிக்கும். அடியில் ஆட்கள் நிற்பார்களே.

மேனேஜர் சிவக்குமார் சாருக்குப் பொறுமை இல்லை. "அளவுதான் வந்துருச்சே, சீலைப் போடும்மா."

"ஆறட்டும் சார். அப்புறம் அளக்கிறேன்."

"ஆற வெச்சா நேரம் தாண்டிரும். கஸ்டமர் நிக்கறாரு!"

கஸ்டமரே வந்துவிட்டார். "என்ற வண்டிய என்ற அக்கா பொண்ணே நிறுத்துதா? நல்ல நேரம் போயிட்டிருக்குது சாமி!" நான் அசையவில்லை. மாமா அப்பா பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

கோவிலில் நான் பேசியது எல்லாம் இன்றைக்கு வட்டியோடு வரப்போகிறது, அதுவும் கம்பெனியே பார்க்கிறபோது. அப்பா மெதுவாக வந்து என் முன்னால் நின்றார்.

"எதுக்கு ஆறோணும்?"

சொன்னேன். புஷ்ஷை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடறாப்டி. சூட்டுல விரியும், ஆறுனாக் கவ்விக்கும். அதானே?"

"ஆமாங்கப்பா."

மாமாவிடம் திரும்பினார். "கொஞ்சம் பொறு மாப்ள. அவ மெக்கானிக்கல் படிச்சவ. அவ சொல்ற வரைக்கும் வண்டி நவுராது."

சொல்லிட்டாரு. நாலு பேர் இல்ல, நாப்பது பேர் முன்னால!

புஷ்ஷை எண்ணெய் வாளியில் போட்டுக் குளிர வைத்தோம். துடைத்து அளந்தேன். துளை சுருங்கியிருந்தது. பின்னை உள்ளே விட்டேன். பாதியில் நின்றுவிட்டது. மாமா வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. சிவக்குமார் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பச்சமுத்து அண்ணன் புது இரும்புத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு லேத்துக்கு ஓடினார்.

ராகு காலம் வந்துவிட்டது. மாமா காரில் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியை இறக்கி, "நாளைக்கு ஒம்பதுக்குள்ள நேரம் நல்லாருக்குதான்னு பாரு" என்று அத்தையிடம் சொன்னது கேட்டது.

பாத்ரூமில் போய் அழுதேன். துக்கம் இல்லை. சுத்தமான கர்வம்.

30 ஆகஸ்ட்

காலையில் வண்டி போயிற்று. என் சீலோடு.

14 செப்டம்பர், ஞாயிறு

வியாழக்கிழமை அப்பா போன் செய்தார். அம்மா நம்பர் போட்டுக் கொடுக்கவில்லை, அவரே செய்தார். தோட்டத்து மோட்டார் உதறுகிறதாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கப்பா என்றேன். "நீ ஞாயித்துக்கெழம வருவையில்ல?" என்று வைத்துவிட்டார்.

ஒரு வேளைத் தண்ணீர் தப்பினாலும் வெற்றிலைக் கொடி வாடும், அதற்கு முன்னால் அப்பா வாடிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் நான் வரும் வரைக்கும் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கேட்டு வாங்கிப் பாய்ச்சியிருக்கிறார். எனக்கோ மோட்டாரைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். காட்டிக்கொள்ளவில்லை.

நான் மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று கேட்டார்: "ஏனுங்க, மெக்கானிக்கு இன்னும் வரலீங்களா?"

"வந்தாச்சுங்களே. இது யாருன்னு நெனச்சீங்க?" என்றார் அப்பா.

மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் இடத்தில் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. அவ்வளவுதான். அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, சாக்கு மேல் ஸ்பேனர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, பதினேழு கேட்டேன். பத்தொன்பதை வைத்தார்.

"இது இல்லீங்கப்பா."

"செரிங்க சாமி" என்று வாங்கிக்கொண்டு, பதினேழைத் தேடி எடுத்து, துண்டில் துடைத்துக் கொடுத்தார்.