தொண்ணூற்றொன்று உடையும் என்று உனக்குத் தெரியும்

என் ஆசை மச்சாள் கமலிக்கு,

நீ போய் இரண்டு மாதமாகிறது. செத்தவீட்டில் உன் அம்மா, "கடைசி மூச்சு மட்டும் உன்னைத்தான் கேட்டவள் பிள்ளை" என்று என் கையைப் பிடித்து அழுதா. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். காரணம் தெரிந்த ஒருத்தி நீதான்.

கப்பல்துறைக் கிராமத்தில், போரில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு ஓலைக் கொட்டிலில் நாங்கள் இருவரும் சம்பளமில்லாமல் படிப்பித்தோம். பிறகு ஒரேயொரு நிரந்தர ஆசிரியர் நியமனம் வந்தது. திருகோணமலை டவுனில் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு, அதிகாரிகள் முன்னால் ஆளுக்கொரு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். எனக்குக் காரணி மரம்.

ஒரு எண்ணை மேலே எழுதி, இரண்டு கிளையாகப் பிரித்து, இனிப் பிரிக்க ஏலாத முதன்மை எண்கள் வரும்வரை கீழே போக வேண்டும். நான் 364 ஐ எடுத்தேன். ஒரு பக்கம் 4, மறுபக்கம் 91. நான்கு, இரண்டும் இரண்டுமானது. 91 ஐ இரண்டால், மூன்றால், ஐந்தால் வகுத்துப் பார்த்தேன்; மீதி வந்தது. அத்தோடு விட்டுவிட்டேன். அகதி முகாமில் இருந்ததில் எனக்கு இரண்டு வருடப் படிப்பு அறுந்துபோனது. கணக்கில் உன்னைத்தான் நம்பியிருந்தேன்.

அன்று காலை பஸ்ஸில் கேட்டேன். "எடி, 91 முதன்மை எண்தானே?"

நான் பாடம் எழுதியிருந்த தாளை நீ வாங்கினாய். நிறைய நேரம் பார்த்தாய். "ஓம். உடைக்க ஏலாது. பயப்படாமல் எழுது."

எழுதினேன். கரும்பலகையில் 91 ஐச் சுற்றி, முடிந்தது என்று வட்டமும் போட்டேன். அதிகாரி என்னைத் தாண்டி, பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வாங்கில் இருந்த உன்னைப் பார்த்தார். "பிள்ளை, நீர் சொல்லும். மரம் முடிஞ்சுதா?"

நீ எழும்பி வந்தாய். யோசிக்கவேயில்லை. வட்டத்தை அழித்து, கீழே இரண்டு கோடு இழுத்து 7, 13 என்று எழுதினாய். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நியமனம் உனக்குத்தான்.

வரும் வழியில் இராணுவச் சோதனைச்சாவடியில் எங்களை இறக்கி வரிசையில் விட்டார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி மெதுவாகக் கேட்டேன். "தெரிஞ்சுதானே சொன்னனீ?"

"ஓம். அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போய் எட்டு மாசம். வீட்டில நாலு பேர் சாப்பிட வேணும். உனக்கு உன்ர அப்பா உழைக்கிறார்."

"கேட்டிருந்தா விட்டுத் தந்திருப்பனே, கமலி."

உண்மையில் விட்டுத் தந்திருப்பேனா? தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக்கூட நீ என்னை விடவில்லை.

பன்னிரண்டு வருடம் உன்னோடு கதைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தரம் ஆளனுப்பினாய்; நான் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவா கூப்பிட்டாய்? இல்லாவிட்டால், சும்மா பார்க்கத்தானா?

எனக்கும் பிந்தி நியமனம் கிடைத்தது. இப்போது உன் வகுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். உன் மகளும் அதில்தான் இருக்கிறாள். நேற்றுப் பள்ளி விட்ட பிறகு நின்றாள்.

"மாமி, நீங்களும் அம்மாவும் ஏன் கதைக்காம இருந்தனீங்கள்?"

சொன்னேன். பஸ்ஸில் நடந்ததையும் சொன்னேன், பசியோடிருந்த நாலு பேரையும் மறைக்கவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னோடயும் கோவமோ?"

"இல்லையடி." என் வாய் முந்திக்கொண்டது. பிறகுதான் அழுதேன், உனக்காகவா என்று தெரியவில்லை.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை, கமலி. ஆனால் உன் பிள்ளை என்னை நம்பிக் கேட்கும் எதற்கும், தெரிந்துகொண்டே பிழையான பதில் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

உன் மாமன் மகள்,
தவம்