மூடியில்லாத டிரம்

வியாழன் இரவு, லம்பா லைன்.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க என்று போன மாதம் கவுன்சிலர் எங்கள் லம்பா லைன் பகுதியில் வீட்டுக்கொரு மழைநீர் டிரம் கொடுத்தார். போட்டோவும் எடுத்துக்கொண்டார். மூடி எங்கே என்று கேட்டேன். "அது அடுத்த ஃபண்ட்ல வரும், தீதி" என்று இந்தியில் அக்கா போட்டுச் சொன்னார்.

இன்று அதே கவுன்சிலின் கொசு ஒழிப்பு ஆட்கள் வந்து, புழு நெளிகிறது என்று டிரம்மைக் கவிழ்த்துவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வந்து மூன்று நாளாகிறது. "உங்க ஆபீஸ் குடுத்த டிரம்தானே இது?" என்றேன்.

"அது வேற டிபார்ட்மென்ட். இன்னொரு தடவை பார்த்தா ஃபைன்தான்" என்றான் ஒருவன்.

இப்போது மழை கொட்டுகிறது. கவிழ்ந்த டிரம்மின் மேல் தடதடவென்று விழுந்து ஓடுகிறது. "எழுந்து போய் நிமிர்த்தி வையேன்" என்கிறார் இவர்.

எந்த டிபார்ட்மென்ட்டைக் கேட்டுவிட்டு நிமிர்த்துவதாம்?