இரண்டாவது குழாய் இல்லாத கப்பல்

தம்பி,

இன்று காலை ஒருவன் வந்து காஸ் அடுப்புக்குப் புதுக் குழாய் மாட்டிவிட்டுப் போனான். அந்த ரப்பர் வாசனையில் உன் முகம் வந்து நின்றது. நீ செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. இருந்தும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான்.

படகில் கிடந்த காற்றுக் குழாயின் வாசனை அது. சங்கு குளிக்க உன் அத்தான் கடலுக்குள் இறங்கினால், மேலே ஓடுகிற கம்ப்ரசரிலிருந்து அந்தக் குழாய் வழியாகத்தான் அவருக்கு மூச்சு போகும். இடுப்புக் கயிறு உன் கையில் இருக்கும். நம் கடற்கரையில் சங்கு குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான். அக்கா தாலி அறுவதைப் பார்க்க எந்தத் தம்பிக்கும் மனசு வராது என்று முன்னோர் போட்ட கணக்கு. அதை நம்பித்தான் நான் கரையில் சோறு பொங்கினேன்.

கேபிள் வந்த புதிதில் அந்த விண்வெளிக் கப்பல் தொடர் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நீ என் வீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவாய். தமிழ் பேசுகிற வெள்ளைக்காரர்களைப் பார்த்து நான் சிரித்தேன். "இது ராக்கெட் கதை இல்லக்கா. கரை தெரியாம கெடக்குறவுக கதை" என்றாய். பார்க்கப் பார்க்க எனக்கும் பிடித்துப்போனது. அவர்களும் தண்ணீரை அளந்து குடித்தார்கள். வீட்டிலிருந்து சேதி வராதா என்று ஏங்கினார்கள்.

அப்புறம் வந்தது அந்த வாரம். கப்பலுக்கு வெளியே ஒருவன் கயிற்றில் தொங்கி ஓட்டையை அடைக்கிறான். அவன் மூச்சுக் குழாய் வெடித்துவிட்டது. மாற்றுக் குழாய் இல்லை. அவனை இழுத்துச் சேர்க்கும்வரை நின்றால் சூரியச் சூட்டில் கப்பலே எரிந்துபோகும். கயிற்றைப் பிடித்திருந்த தலைவி அதை அறுத்துவிட்டாள்.

நான் அவளைச் சபித்தேன். நீ, "அவ செஞ்சது சரிதான். இது அறுந்தவன் கதை இல்லக்கா, அறுத்தவ கதை. இனி அவ எப்படி உறங்குவா, அதப் பாரு" என்றாய்.

"அங்கன தொங்குறது உங்க அத்தானா இருந்தா?"

நீ யோசித்தாய். யோசித்ததையே நான் மன்னிக்கவில்லை. பிறகு சொன்னாய்: "படகுல எல்லாரும் சாவணும்னு வந்தா, அறுத்துருவேன்க்கா."

ஒரு பொய் சொல்லியிருந்தால் உன் நாக்கு அழுகியா போயிருக்கும்?

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் கதையில் எங்கே களவு நடந்தது என்று எனக்குத் தெரியும். அன்றே உன் முகத்துக்கு நேரே கேட்டேன்: "அம்புட்டுப் பெரிய கப்பலக் கட்டுனவனுக்கு ரெண்டாவது குழா வைக்கத் தெரியாதாலே? எல்லா வழியையும் அவனே அடச்சுப்புட்டு, அறுத்தது சரியா தப்பாங்கான். கரையில உக்காந்து அனுப்புனவன ஒருத்தனும் ஏன் கேக்கல?" நீ எழுந்து போனாய்.

அடுத்த மாதமே படகை விட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டாய். வேறொருவன் உன் அத்தானுக்குக் கயிறு பிடித்தான். அப்போது முடிவு செய்தேன், நீ கரையில் நின்றே கயிற்றை அறுத்தவன் என்று. அன்றிலிருந்து உன்னோடு பேசவில்லை. கோயிலில் நீ வலப்பக்கம் நின்றால் நான் இடப்பக்கம். உன் மகள் கல்யாணத்தில் கை நனைக்காமல் வந்தேன். உன் சவப்பெட்டியை மூடும்போதுகூட வாய் திறக்கவில்லை.

இன்று குழாய் மாட்டியவன் போனபின், உன் அத்தான் அடுப்பையே பார்த்தபடி இருமிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். நீயாகப் படகை விடவில்லையாம். படகுக்காரச் சம்மாட்டியிடம், "ரெண்டாவது குழா இல்லாம அத்தான எறக்க மாட்டேன்" என்று நின்றாயாம். "அப்போ நீ எறங்குலே" என்று அவர் உன்னைப் படகை விட்டே விரட்டினாராம். கொஞ்ச நாளில் அதைப் பார்த்து மற்றவர்களும் கயிற்றைத் தொட மறுத்தபிறகுதான் ஒவ்வொரு படகிலும் இரண்டாவது குழாய் வந்ததாம். ஒரு தடவை அந்தக் குழாயில்தான் இவர் உயிரோடு மேலே வந்தாராம்.

"இத ஏன் இத்தன வருசமா சொல்லல?" என்று கத்தினேன்.

"உன் தம்பி சத்தியம் வாங்கிட்டாம்ளா. 'அக்காட்ட சொல்லாதிய அத்தான், கப்பக் கதச் சண்டையில தாந்தான் ஜெயிச்சதா தெருவெல்லாம் சொல்லித் திரிவா'ன்னான்."

அட பாவி. எத்தனை ஞாயிற்றுக்கிழமை. மறுபக்கத்தில் பின்னால் நின்று என் முதுகைப் பார்த்து நீ சிரித்திருப்பாய். என்னை வீணாகப் பகைக்க விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மன்னிப்புக் கேட்க மாட்டேன். அறுத்துவிடுவேன் என்று நீ சொன்னது சொன்னதுதான், அது இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. இந்தக் கோபத்தைக் கொண்டுபோய் யாரிடம் இறக்குவேன்?

தெருமுனைவரை நடந்துபோய், அங்கே வேறொரு வீட்டில் வேலை முடித்து வந்த அந்தக் குழாய்க்காரனை நிறுத்தி, இன்னொன்று கொடு என்றேன். ஒரே அடுப்புக்கு எதற்குப் பாட்டி இரண்டு என்றான். அவனுக்கு என்ன தெரியும். வாங்கி வந்து ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

ஜெயிச்சது நான்தாம்லே. வந்து, இல்லைன்னு சொல்லு.