நீர்யானை அம்மன் போன இடம்

அறுவடைக் காலம், மூன்றாம் மாதம், நாள் 5

கிழக்குக் கரையில் இருக்கும் வப்கெத்துக்கு, மேற்கு மலையடியில் கல்லறை வேலைக்காரர் ஊரிலிருந்து ஹுன்ரோ எழுதுவது.

ஆயுளும் ஆரோக்கியமும் உனக்குக் கிடைக்கட்டும் என்று எல்லாச் சாமிகளிடமும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதினேன். வேண்டிக்கொள்ளவில்லை.

எழுத்தரைக் கூப்பிட்டு எழுதச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊரே படித்துவிடும். அதனால் நானே கல்சில்லில் எழுதுகிறேன். வாத்து நடந்த சேறு மாதிரி இருக்கும். படித்துக்கொள்.

என் மகள் நூபெத் பிரசவத்தில் போய் இருபத்தொரு வருஷம் ஆகிறது. நீ என் புருஷன் கென்னாவின் தங்கை. அப்போது இந்த ஊரில் பிரசவத்துக்குச் செங்கல் வைத்து உட்காரவைக்கிறவளும் நீதான். அன்றும் நீதான் வைத்தாய். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஓரம் கருகிய துணி உடுத்தியிருந்தாய். கருவாடு தின்றுவிட்டு வந்திருந்தாய், வாடை அடித்தது. குழந்தையை உயிரோடு எடுத்தாய், தாயை விட்டுவிட்டாய். அடக்கம் முடிந்து வீடு திரும்பினால் மாடக்குழியில் தவெரெத் இல்லை. பிள்ளைத்தாய்ச்சியைக் காக்கிற நீர்யானை அம்மன். என் மாமியாரின் மாமியார் காலத்து மரச்சிலை, இடது காது உடைந்தது. என்னையும் கென்னாவையும் உன்னையும் தவிர அந்த அறையில் யாரும் கால் வைக்கவில்லை. நீதான் எடுத்தாய் என்று மன்னர்சாமி முன்னால், செத்து இந்த ஊருக்குச் சாமியான அந்தப் பழைய மன்னர் சிலை முன்னால், சத்தியம் செய்தேன். 'எடுத்தாள்' என்று ஒரு சில்லும் 'எடுக்கவில்லை' என்று ஒரு சில்லும் வழியில் வைத்தோம். எட்டுப் பேர் தோளில் வந்த சாமி 'எடுத்தாள்' பக்கம்தான் போனது. ஊரே பார்த்தது. நீ மூட்டையைக் கட்டினாய்.

இப்போது எழுதுவது மெருத்துக்காக. நீ அன்று எடுத்த அந்தக் குழந்தை. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றாள், இரண்டும் செத்துப் பிறந்தன. மூன்றாவது, வெள்ளம் வரும் சமயம் பிறக்க வேண்டும். குறிகாரியிடம் போனேன்.

"ஒங்க வீட்டுப் பொம்பள ஒருத்தி வெளிய போயிருக்கா. அவ திரும்பி வராம பிள்ளை தங்காது" என்றாள்.

"எந்தச் சாமிடி?" என்றேன்.

"மொகம் மங்கலாத் தெரியுது, பாட்டி. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தவெரெத்தைக் கொடுத்து அனுப்பு. ஆற்றுத்துறையிலிருந்து தண்ணீர்க்காரனின் கழுதை தினமும் வருகிறது. ஏன் எடுத்தாய் என்று கேட்க மாட்டேன்.

ஹுன்ரோ


அறுவடைக் காலம், மூன்றாம் மாதம், நாள் 11

அன்புள்ள அண்ணிக்கு, வப்கெத் வணங்கி எழுதுவது.

நீங்களும் மெருத்தும் அவள் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நான் நிஜமாகவே வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கல் வந்தது. "கடுதாசின்னு சொன்னாங்க, சுவரையே பேத்துக் குடுத்திருக்காங்க" என்று தண்ணீர்க்காரன் சலித்துக்கொண்டான்.

அண்ணி, அம்மன் என்னிடம் இல்லை. அன்றும் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன். கருவாடு தின்றதும் நான் இல்லை. முதல் நாள் காலையிலிருந்து நூபெத்தின் முதுகைத் தாங்கிக்கொண்டு இருந்தவளுக்கு ஏது சாப்பாடு? தின்றது அண்ணன். துணியின் ஓரம் கருகியது மட்டும் சரி.

ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். மெருத்தின் வயிற்றில் தலை எங்கே முட்டுகிறது, மேலேயா கீழேயா? முதல் இரண்டும் கால் முன்னால் வந்தனவா? இங்கே படகுக்காரர் வீட்டுப் பெண்களுக்கு நான்தான் செங்கல் வைக்கிறேன். இந்தக் கரையில் என்னை யாரும் திருடி என்று சொல்வதில்லை.

உங்கள் நாத்தனார்,
வப்கெத்


அறுவடைக் காலம், நான்காம் மாதம், நாள் 2

வப்கெத்துக்கு ஹுன்ரோ எழுதுவது.

கருவாடு தின்றது நீதான்.

நீ சிலையைத் தர மாட்டாய் என்று ஆன பிறகு நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வெளியே போனவள் தவெரெத்தாக இல்லாமலும் இருக்கலாம் அல்லவா? பிள்ளைக்கு மூச்சு கொடுக்கிற தவளைத் தாய் ஹெகெத்தாக இருக்குமோ என்று ஆற்றோரத்திலிருந்து ஒரு தவளையைக் கொண்டுவரச் சொன்னேன். அது மாவுச் சாடிக்குள் குதித்தது. மாவைக் கொட்டினேன். செங்கல்லில் குடியிருக்கும் மெஸ்கெனெத்துக்கு ரொட்டி வைத்தேன். எறும்பு தின்றது. மெருத்தின் புருஷன் காஹா கல்லறைச் சுவரில் படம் எழுதுகிறவன். கட்டில் தலைமாட்டில் குள்ளச்சாமி பெஸ்ஸை எழுதித் தந்தான். நாக்கைத் துருத்திக்கொண்டு என்னைப் பார்த்தே சிரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறான், வேண்டுமென்றே.

கடைசியில் நாகத்தாளிடம் போனேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மலைமேல் பாதிவழி வரை ஏறி, பார்லிக் கள் ஊற்றி, மனம் உருக வேண்டிவிட்டு வந்தேன். காஹா கேட்டான்.

"என்ன சொல்லிக் கும்பிட்டீங்க, பாட்டி?"

"ரெனெனூதெத் தாயே, பிள்ளையக் காப்பாத்துன்னு."

"போச்சு. ரெனெனூதெத் களஞ்சியத்துப் பாம்பு. மலையில இருக்கறது மெரெத்செகெர். சத்தமே பிடிக்காதவ."

"பாம்புக்குப் பாம்புதானேடா!"

"ஒங்கள உங்க நாத்தனார் பேரச் சொல்லிக் கூப்பிட்டா சும்மா இருப்பீங்களா?"

திமிரைப் பார். ஆனால் அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. மலைமேல் இருப்பவள் பொய்ச் சத்தியம் செய்தவர்களைத்தான் பிடிப்பாள் என்பார்கள். நான் எப்போது பொய்ச் சத்தியம் செய்தேன்? எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அப்படி ஒன்று நினைவில் இல்லை. பிறகு ஏன் அவள் முன்னால் நின்று வேறு பேரைச் சொன்னேன்? ஏறின களைப்பா? ஒன்றும் புரியவில்லை. எந்தச் சாமிக்கு எது வைத்தேன், யாருக்கு வைக்கவில்லை என்று எனக்கே குழம்புகிறது. எனக்கு!

நீ கேட்டதற்குப் பதில்: தலை மேலேதான் முட்டுகிறதாம். முதல் இரண்டும் கால் முன்னால்தான் வந்தன. இப்போது இங்கே செங்கல் வைக்கிறவளுக்குக் கை உதறுகிறது. இரண்டு தடவையும் அவள்தான் இருந்தாள்.

சிலையை அனுப்பு.

ஹுன்ரோ


அறுவடைக் காலம், நான்காம் மாதம், நாள் 9

அண்ணிக்கு வப்கெத் வணங்கி எழுதுவது.

தலை மேலே இருந்தால் இப்போதே வயிற்றை மெல்ல நீவித் திருப்பப் பார்க்க வேண்டும். கை உதறுகிறவளைத் தொட விடாதீர்கள். கடிதத்தில் சொல்லித் தெரிகிற வேலை இல்லை இது.

இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கல்லை யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் உடைத்துவிடுங்கள்.

அம்மன் நூபெத்தோடு போய்விட்டாள். அண்ணன் சாவதற்கு முந்தின வருஷம் திருவிழாவுக்கு இந்தக் கரைக்கு வந்தபோது என் வாசலில் உட்கார்ந்து சொன்னான். சொன்னபடியே எழுதுகிறேன்.

"தங்கச்சி, அம்மனை நான்தான் பிள்ளை நெஞ்சுல வச்சுத் துணியைச் சுத்தினேன். வழி தெரியாம தனியாப் போறாளேன்னு தாங்கல. ஒங்க அண்ணிகிட்ட சொல்ல வாய் வரல. அதுக்குள்ள அவ சத்தியம் பண்ணிட்டா. அன்னைக்குச் சாமி தூக்கினதுல முன்னாடி வலது தோள் என்னோடது. அந்தச் சில்லுகிட்ட வந்தப்போ கம்பு அழுத்துச்சு. சாமி தள்ளுச்சா, நான் தள்ளினேனா? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

சாமியைத் தன் தோளால் திருப்பினான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அவனை வேலையிலிருந்து எடுத்திருப்பார்கள். வேலை போனால் அந்த ஊரில் வீடும் போகும். அதனால் அவன் இருந்தவரை நான் பேசவில்லை. இப்போது அவன் இடத்தில்தான் காஹா வேலை பார்க்கிறான். அதனால் இப்போதும் வெளியில் பேச மாட்டேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், இல்லாத சிலையைத் தேடி மலை ஏறாதீர்கள்.

வப்கெத்


அறுவடைக் காலம், நான்காம் மாதம், நாள் 13

வப்கெத்,

செத்தவன் மேல் பழி போடுகிறாய். கென்னா என்னிடம் மறைத்தது ஒன்றே ஒன்றுதான், கள்ளுக்கடைக்குப் போவது. அதையும் நான் கண்டுபிடித்துவிட்டேன். மன்னர்சாமி பொய் சொல்லும், கென்னா பொய் சொல்வான், நீ ஒருத்திதான் உத்தமியா?

கல்லை உடைத்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. கோபத்தில்.

இனி எழுதாதே.

ஹுன்ரோ


அறுவடைக் காலம், நான்காம் மாதம், நாள் 24

வப்கெத்துக்கு ஹுன்ரோ எழுதுவது.

எழுதாதே என்றால் எழுதாமலே இருந்துவிடுவாயா? பதினோரு நாளாகத் தண்ணீர்க்காரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்குக் கடிதம் அனுப்பிய அன்றைக்கு மெருத் இடுப்புத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு நிற்கவில்லை. கட்டிவிடக் குனிந்தேன். குனிந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நூபெத்துக்கு நெஞ்சுத் துணியை நான்தான் முடிந்தேன். ஒற்றை முடிச்சு, நுனி வலது பக்கம். "அடுத்த வீட்டுலேர்ந்து இன்னொரு சுருள் துணி வாங்கிட்டு வா" என்று கென்னா அனுப்பினான். வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது இரட்டை முடிச்சாக இருந்தது, நுனி இடது பக்கம். கென்னா தன் தோல்பையை அப்படித்தான் கட்டுவான். பார்த்தேன், வப்கெத். அன்றே இந்தக் கண்ணால் பார்த்தேன். இருபத்தொரு வருஷமாக அந்த முடிச்சு என் நினைவில் இருக்கிறது. உன் துணியில் கருகல் எந்த ஓரம் என்று கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த முடிச்சை ஒரு தரம்கூட ஏன் என்று கேட்கவில்லை.

ஆக, சத்தியம் பொய். மலைமேல் இருப்பவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஒன்பது நாள் யோசித்தேன். உன் பழியைக் கழுவினால் கென்னா மேல் படும், கென்னா மேல் பட்டால் மெருத் தெருவில் நிற்பாள். நேற்றுக் காலை தண்ணீர்த் தொட்டியில் எல்லாப் பெண்களும் கூடியிருந்தபோது போய் நின்றேன்.

"கேட்டுக்கோங்கடி. வப்கெத் சிலையை எடுக்கல. நான்தான் என் மக நெஞ்சுல வச்சுக் கட்டினேன். அப்புறம் மறந்துபோச்சு."

ஒருத்தியும் குடத்தை எடுக்கவில்லை. தச்சன் பெண்டாட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நீங்களா? மறந்தீங்களா? பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி என் மாமியா உங்க வாத்தைக் கல்லால அடிச்சத முந்தாநாள் சொல்லிக் காட்டினீங்களே, பாட்டி!"

"வாத்து ஞாபகம் இருக்கு. இது மறந்துபோச்சு."

"அப்ப மன்னர்சாமி ஏன் அந்தப் பக்கம் போனாரு?"

"பொய்ச் சத்தியம் பண்ணினவளுக்குச் சாமி வேற எப்படிப் பாடம் கத்துக்குடுக்கும்? ஆசைப்பட்டதைக் குடுத்து அழ வைக்கும்."

"பாவம், வயசாகி மண்டையும் கொழம்ப ஆரம்பிச்சுடுச்சு போல" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். யார் குரல் என்று தெரியும். திரும்பவில்லை.

இதுவும் பொய்தானே, வப்கெத்? ஒரு பொய்யைக் கழுவ இன்னொரு பொய். மலைமேல் இருப்பவள் எதை மன்னிப்பாள், எதை எண்ணி வைப்பாள்? தவெரெத் நூபெத்தோடு போனது சரியா? போனவளைத் திரும்பக் கூப்பிடலாமா? ஒன்றும் தெரியவில்லை. குறிகாரி 'வெளியே போன பொம்பள' என்றுதான் சொன்னாள். சாமி என்று சொன்னது நான். அவள் சொன்ன நாளிலிருந்து நான் மாடக்குழியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

தலை இன்னும் மேலேதான் இருக்கிறது. மெருத் மூச்சு வாங்குகிறாள். "அந்த அத்தைப் பாட்டி வருவாங்களா?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

வா. வந்து அவளுக்குச் செங்கல் வை. இதற்கு மேல் ஒரு சொல் எழுத வேண்டும் என்று தெரிகிறது. அதை எப்படி எழுதுவது என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நான் அவ்வளவு படித்தவள் இல்லை.

கருவாடு தின்றது கென்னாவாகவும் இருக்கலாம்.

ஹுன்ரோ


வருஷக் கடைசி ஐந்து நாட்களில் மூன்றாம் நாள்

அண்ணிக்கு, வப்கெத்.

இன்று கேடு செய்கிற சாமி செத் பிறந்த நாள், ஆகாத நாள். ஆற்றில் இறங்க ஒரு படகுக்காரனும் ஒப்பவில்லை. நான் யார் பெண்டாட்டிக்குச் செங்கல் வைத்தேனோ அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் வழி முழுக்கச் சாமி பேர் சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டான். எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை.

உங்கள் ஊர் வாசலில் நிற்கிறேன். காவல்காரன் உள்ளே விடவில்லை. திருடி என்று சாமியே தீர்ப்பு சொல்லி வெளியே போனவளை விட முடியாது என்கிறான். ஹுன்ரோ அண்ணியே தொட்டியடியில் சொல்லிவிட்டார்களே என்றேன்.

"கேள்விப்பட்டேன். பாட்டி மறந்துட்டாங்களாம்! ஆத்துல வெள்ளம் வர மறந்தாலும் மறக்கும், அந்தப் பாட்டி மறப்பாங்களா? என் காதால கேக்காம நம்ப மாட்டேன், அத்தை" என்கிறான்.

அவனிடமே கரித்துண்டு வாங்கி இதை எழுதி அனுப்புகிறேன். நீங்களே வாசலுக்கு வந்து அவன் முகத்துக்கு நேரே இன்னொரு தரம் சொல்ல வேண்டும். சிரிப்பான், சிரிக்கட்டும். நீங்கள் எழுதத் தெரியாது என்ற அந்தச் சொல்லை என்னிடம் சொல்ல வேண்டாம். இவனிடம் இதைச் சொன்னால் போதும்.

செங்கல்லை எடுத்து வைத்திருந்தால் கலைத்துவிடுங்கள், உங்களுக்கு எப்போதும் கோணலாகத்தான் வரும். வெந்நீர் மட்டும் போடுங்கள்.

சீக்கிரம் வாருங்கள், அண்ணி. மெருத்தின் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

வப்கெத்